திராக்ஷைப் போத்தும் அதன் பெயரும்

அல்பரீனோ என்னும் வெள்ளைத் திராக்ஷை, ஸ்பெயின் தேசத்து ரீயாஸ் பைஷாஸ் பிரதேசத்தில் கடல்மழையில் விளைந்து புளிப்பு மிக்க ஒயினையும், போர்த்துகலின் மலைசூழ்ந்த மொன்ஸாவ் பக்கத்தில் அதைவிடக் கனத்த ஒயினையும் தருகிறது. தற்சமயம் உருகுவே, நியூஜிலாந்து தேசங்களிலும் இது பரவி வருகிறது. 2021-ல் பிரான்ஸின் போர்தோவிலும் அனுமதிக்கப்பட்டது.

இவற்றை ஒப்பிட்டு மண்ணின் குணத்தை அறிவது நன்றே. ஆயினும், ஜாதி ஒன்றே என்ற நிச்சயம் முதலில் வேண்டும். ஆஸ்திரேலியாவில் பலர், ஸ்பெயினிலிருந்து தருவிக்கப்பட்ட போத்துக்களை நம்பி நட்டு, அல்பரீனோ என்றே ஒயினை விற்றனர். 2009-ல் மரபணுச் சோதனையால் அது பிரான்ஸின் ஜூரா பிரதேசத்து ஸவான்யான் எனப் புலனாயிற்று.

சீட்டில் பெயரை மாற்றிவிடலாம். தோட்டத்தில் ஜாதியை மாற்றுவதோ பல வருஷத்துப் பாடு. ஆகவே, புது ஜாதியை நாடும் விவசாயி அதன் புகழைக் கேட்குமுன் போத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்தறிதலே விவேகமாகும்.