நிலமற்றோரும் தாங்குதிறனும்

காலநிலை மாற்றம் பற்றிய உரையாடல்களில் ‘தாங்குதிறன்’ என்னுஞ் சொல் இன்று பெருவழக்குப் பெற்றுள்ளது. வரட்சியாயினும் வெள்ளமாயினும் மண்சரிவாயினும் அவற்றைத் தாங்கி மீண்டெழும் ஆற்றலை மக்கள் தாமே வளர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதே அச்சொல்லின் வழியாக விடுக்கப்படும் அறிவுரையாகும். அறிவுரை நல்லதே. ஆயின், காலூன்றி நிற்பதற்கு ஓரடி நிலமேனும் சொந்தமாக இல்லாதோர் எதன்மேல் நின்று தாங்குவர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மலையகப் பெருந்தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை முதலில் விடை காணப்பட வேண்டியது அவ்வினாவேயாகும்.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்டோர் பலரின் உடல்கள்கூட மீட்கப்படவில்லை. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. இதனைக் காட்டி, மக்களின் அறியாமையும் பிடிவாதமுமே அவர்தம் அழிவுக்குக் காரணம் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் பொறுப்புடையோரைத் தப்புவிப்பதற்கன்றி வேறெதற்கும் பயன்படாது. வெளியேறுமாறு கூறுவது எளிது, எங்கே செல்வது? லயக் காம்பரா தொழிலாளியின் சொத்தன்று; தோட்டத்தின் சொத்து. வேலையும் குடியிருப்பும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கையில், காம்பராவை விட்டு அகல்வது நாட்சம்பளத்தையும் விட்டு அகல்வதாகிவிடும். உயிர்தப்பியோருக்கான வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. மலை சரிந்த பின்னர் கண்டறியப்பட்ட நிலம், சரிவதற்கு முன்னர் கண்ணிற்படாது போனது எவ்வாறு?

இந்நிலை இயற்கையால் நேர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காடழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் பயிரிட்ட துரைமாரே லயங்களின் இடத்தையும் தீர்மானித்தனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் இவ்வாறு பலமுறை கைமாறியும் அதில் உழைத்தோரின் கைக்கு வரவில்லை. தோட்டங்களுக்குட் பொதுநிதியைச் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தடையாயிருந்தது. அது திருத்தப்பட்டது 2018இலேயாம்.

மழைக்கு வர்க்கபேதம் இல்லை என்பாரும் உளர். மழைக்கு இல்லைதான், ஆபத்தான சரிவில் எவரைக் குடியிருத்துவது என்பதைத் தீர்மானித்த சமூக அமைப்புக்கு உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மண்சரிவின் பெருங்கொடுமைக்கு ஆளானவை மலைநாட்டு மாவட்டங்களே.

இம்மக்களுக்கு அறிவூட்ட வேண்டும் என்னும் கூற்றும் மறுபரிசீலனைக்குரியது. எந்தக் கான் தூர்ந்துள்ளது, எந்த ஊற்று திடீரெனக் கலங்குகின்றது, எந்த மேட்டில் வெடிப்பு அகல்கின்றது என்பவற்றை நாள்தோறும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணும், கான் வெட்டும் தொழிலாளியும் அறிவர். ஆயின், கான் வெட்டுக்கான செலவைக் குறைப்பதோ கூட்டுவதோ நிருவாகத்தின் முடிவு. குறைத்ததன் விளைவோ லயத்தின் தலையில். அறிவு ஒருபுறமும் அதிகாரம் மறுபுறமுமாகப் பிரிந்து கிடப்பதே ஆபத்தின் ஊற்றுக்கண்.

எனவே, மலையகத்திற் சமூகம் முன்னின்று நடத்தும் காலநிலைப் பாதுகாப்பு என்பது மூன்று உரிமைகளை அடித்தளமாகக் கொள்ளல் வேண்டும். முதலாவது, தொழிலிடத்துக்கு அண்மையில், பாதுகாப்பான இடத்தில், பெண்களின் பெயரும் உள்ளடங்கிய உறுதியுடன் கூடிய காணி. 2015இன் பின்னர் முன்னெடுக்கப்பட்ட ஏழு பேர்ச்சஸ் காணியுடனான தனிவீட்டுக் கொள்கை வரவேற்கத்தக்கதே. எனினும் அவ்வளவில் வீடு அமையுமேயன்றி, வாழ்வுக்குத் துணையாகும் மரக்கறித் தோட்டமும் மாட்டுப்பட்டியும் அமையா. இரண்டாவது, ஆபத்து எச்சரிக்கையின் பேரில் வெளியேறும் நாளுக்கும் முழுச் சம்பளம். பட்டினியோடு வரும் எச்சரிக்கையை எவரும் முழுமனத்துடன் ஏற்கார். மூன்றாவது, கான், பாதை, குடியிருப்பு ஆகியன பற்றிய முடிவுகளில் தொழிலாளர், சிறப்பாகப் பெண்கள், வாக்குரிமையுடன் பங்குபெறும் தோட்டக் குழுக்கள்.

இவற்றுக்குப் பணமில்லை என்பது வழக்கமான மறுமொழி. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலையால் அந்நியச் செலாவணி ஈட்டிவந்த ஒரு நாடு, அத்தேயிலையைப் பறித்தோரின் வீட்டுக்குரிய நிலத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அது நெடுங்காலமாகச் செலுத்தப்படாதிருக்கும் கடன். அக்கடன் தீர்க்கப்படும்வரை, தாங்குதிறன் பற்றிய அறிவுரை லயத்தில் வாழ்வோருக்கன்று, அவர்களை அங்கே இருத்தி வைத்திருப்போருக்கே உரியது.