தாமிரபரணிக் கரையில் இசை அரங்கம் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
இசை, வில்லிசை, நையாண்டி மேளக் கலைஞர்கள் மற்றும் ரசிகர்கள் சங்கம்,
திருநெல்வேலி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

நகல்: மாநகராட்சி ஆணையர், திருநெல்வேலி, இயக்குநர், கலை பண்பாட்டுத் துறை, சென்னை, செயற்பொறியாளர், நீர்வளத் துறை, தாமிரபரணி வடிநிலக் கோட்டம், திருநெல்வேலி.

பொருள்: திருநெல்வேலி மாநகரில் தாமிரபரணியை ஒட்டி, வெள்ளம் தொடாத மேட்டு நிலத்தில், நவீன இசை அரங்கம் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மையீர்,

‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் நாகஸ்வரம் வாசித்து நாட்டையே கிறங்கடித்த காருகுறிச்சி அருணாசலம், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பிறந்தவர். வில்லிசைக்காக 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம், சத்திரம் புதுக்குளத்துக்காரர். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரின் சொந்த ஊர், அன்றைய நெல்லைச் சீமையைச் சேர்ந்த சாம்பவர்வடகரை. காந்திமதி அம்மன் மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் பாடியிருக்கிறார். நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும், இசை கேட்பதற்கென்றே ஒலியைக் கணக்கிட்டுக் கட்டிய பெரிய அரங்கம் ஒன்று மாநகரில் இல்லை. சந்திப்பில் உள்ள சங்கீத சபாவும் கோயில் மண்டபங்களும் சில பள்ளி, கல்லூரி அரங்குகளும்தான் இதுவரை கைகொடுத்து வருகின்றன. அவை கிடைக்காதபோது கல்யாண மண்டபம்தான் கதி. முகூர்த்த நாளென்றால் அதுவும் கிடையாது.

கல்யாண மண்டபத்தில் வில்லுப்பாட்டு படும் பாட்டைத் தாங்கள் ஒருமுறை நேரில் கேட்க வேண்டும். வீசுகோல் நாணில் விழுந்ததும் மணிகள் கலகலக்கும், அதற்கு அடியில் குடம் ‘கும்’மென்று நிற்கும், இரண்டுக்கும் நடுவே தலைமைப் பாடகரான அண்ணாவியின் சொல் தெளிவாக வந்து விழ வேண்டும். டைல்ஸ் பதித்த சுவரில் மணிச்சத்தம் மோதித் திரும்பி அடுத்த வரியின் மேல் ஏறிக்கொள்கிறது. குடம் அமுங்கிப் போகிறது. சொல் புரியவில்லையென்று பின்வரிசையில் இருந்து குரல் வந்ததும் மைக் செட்காரர் சத்தத்தைக் கூட்டுகிறார். கூட்டக் கூட்டக் கதை இன்னும் குழம்புகிறது. நாகஸ்வரத்தின் நிலை இதைவிடப் பரிதாபம். தெருவையே நிறைக்கும் வாத்தியத்துக்கு முன்னால் மைக்கை வைத்து, ஏ.சி. இரைச்சலோடு கேட்க வைக்கிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பது காதுக்காகக் கட்டப்படும் அரங்கம். அது ஆற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஆனால் ஆற்றின் இடத்தில் இருக்கக் கூடாது.

இந்த இரண்டாவது விஷயத்தில் எங்களுக்குக் கவலை அதிகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணி எங்கெல்லாம் ஏறியது என்பதற்குக் கொக்கிரகுளத்தில் தங்கள் அலுவலகத்தைச் சூழ்ந்த தண்ணீரே சாட்சி. 1992 நவம்பர் வெள்ளமும் ஊர்ப் பெரியவர்களுக்கு மறக்கவில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது என்று சிலர் வாதம் செய்யலாம். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் தண்ணீர் வந்து மோதும் பக்கத்தைப் படகின் முனைபோல அமைத்தார்கள். வெள்ளம் வரும் என்றால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். வடிந்த பிறகு மணலை வாரிப்போட்டுவிட்டுப் பூசையைத் தொடர்வார்கள். கல் கட்டடம் அதைத் தாங்கும். மரத்தளமும் குஷன் நாற்காலிகளும் மின்கருவிகளும் கொண்ட அரங்கம் ஒரு வெள்ளத்துக்குக்கூடத் தாங்காது.

எனவே 1992, 2023 ஆகிய இரண்டு வெள்ளங்களும் எட்டிய மட்டத்தை நீர்வளத் துறை அளந்து, கல் நட்டு வெள்ளக் கோடாகக் காட்ட வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள அரசு நிலத்தில்தான் அரங்கத்தின் தரைத்தளம் வர வேண்டும். கோட்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் படித்துறை, மருத மரங்கள், திறந்தவெளியில் உட்கார்ந்து கேட்கும் கல்படிகள் இவை தவிர வேறெதுவும் கூடாது. வாகன நிறுத்தம் அங்கே கூடவே கூடாது. ஆற்றுப் புறம்போக்கைத் தரம் மாற்றி இடம் எடுப்பதாக இருந்தால் இந்த மனுவை எங்கள் ஆட்சேபணையாகவே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆறே நாறும்போது அரங்கம் எதற்கு என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாநகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போயிருக்கிறது. அரங்கம் அமையும் கரைப்பகுதியில் ஆற்றில் விழும் சாக்கடைகளை மறித்துப் பாதாளச் சாக்கடையோடு சேர்க்கும் பணியைத் திட்ட மதிப்பீட்டின் முதல் செலவாகச் சேர்க்க வேண்டும். அது முடியாமல் அரங்கத்துக்கு அடிக்கல் நாட்ட வேண்டாம்.

இனி, ஒலி. அரங்கில் எழும் ஓசை 60 டெசிபல் தணிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்துத்தான் உலகெங்கும் இசை அரங்கங்களை வடிவமைக்கிறார்கள். மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏறத்தாழ 2 விநாடி நல்லது. சொல்லை நம்பி நிற்கும் வில்லுப்பாட்டுக்கும் தேவாரத்துக்கும் அது கூடுதல். அங்கே ஓசை சீக்கிரம் அடங்கினால்தான் வார்த்தை துலங்கும். ஆகவே தேவைக்கேற்ப இழுத்து மூடவும் திறக்கவும் கூடிய திரைகளும் மரப்பலகைகளும் வேண்டும். இருக்கை 800 போதும். மூவாயிரம் பேருக்குக் கட்டினால் அது மாநாட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும்தான் உதவும். அதற்கு ஊரில் இடம் உண்டு.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எல்பே நதித் துறைமுகத்தில் எல்பில்ஹார்மனி அரங்கம் 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது. கப்பல் சங்கொலி உள்ளே கேட்காதபடி உள் அரங்கத்தை ஸ்பிரிங்குகளின் மேல் தனிக்கூடாக நிறுத்தியிருக்கிறார்கள். நமக்குக் கப்பல் இல்லை. ஆனால் ரயில் பாலமும், 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் ஓயாத பஸ் ஹாரனும் உண்டு. அவற்றை மனதில் வைத்து இடம் தேர்ந்தாலே பாதிச் செலவு மிச்சம். ஹாம்பர்க்கிடம் கற்க வேண்டிய இன்னொரு பாடமும் இருக்கிறது. நகரம் தர வேண்டியது 7.7 கோடி யூரோ என்று தொடங்கிய வேலை 78.9 கோடியில் முடிந்தது. வரைபடம் முழுமையாகும் முன்பே ஒப்பந்தம் போட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கே ஒலிப்பொறியாளரின் வடிவமைப்பு முடிந்த பிறகே டெண்டர் விட வேண்டும். ஒப்பந்ததாரருக்குக் கடைசிப் பில் கொடுக்கும் முன்பு ஒரு சோதனையும் வேண்டும்: மைக் இல்லாமல் ஓதுவார் ஒருவர் மேடையில் பதிகம் பாட, கடைசி வரிசையில் சொல் புரிய வேண்டும்.

கட்டிய பின் அது யாருக்கு என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். 2002-ல் திறந்த சிங்கப்பூர் எஸ்பிளனேடு அரங்கம் நீர்க்கரையில் இருக்கிறது. இந்தியக் கலைகளுக்கென ‘கலா உத்சவம்’ நடத்துகிறது. இலவச நிகழ்ச்சிகளும் ஏராளம். இங்கே நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்களுக்கு வாடகை பெயரளவில் இருக்கட்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அறைகள் ஒதுக்க வேண்டும். கோயில் கொடை விழா இல்லாத மாதங்களில் வருமானமின்றி இருக்கும் வில்லிசை, கணியான் கூத்து, நையாண்டி மேளக் குழுக்களுக்கு வாரம் ஒரு மாலை ஊதியத்தோடு தர வேண்டும். திருமணம், வரவேற்பு, கட்சி நிகழ்ச்சிகளுக்கு விடக் கூடாது என்று விதியிலேயே இருக்கட்டும். பெண் கலைஞர்களுக்குத் தனி ஒப்பனை அறையும் கழிப்பறையும், மேடைக்குச் சாய்தளமும் வேண்டும். இரவு நிகழ்ச்சி முடிந்ததும் அம்பாசமுத்திரத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் பஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டரை மணிக்கே கூட்டம் எழுந்துவிடும். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

அரங்கத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம் பெயரைச் சூட்டுமாறு வேண்டுகிறோம். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்த அந்தக் கலைஞருக்கு அவர் பிறந்த மாவட்டத்தின் தலைநகரில் இதுவரை தகுந்த நினைவிடம் இல்லை என்பது எங்கள் மனக்குறை.

இதன்மீது நீர்வளத் துறை, மாநகராட்சி, கலை பண்பாட்டுத் துறை அலுவலர்களையும் கலைஞர் பிரதிநிதிகளையும் சேர்த்து ஒரு கூட்டம் நடத்தி, வெள்ளக் கோட்டை அளக்கும் பணிக்கு உடனே உத்தரவிட்டு, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: திருநெல்வேலி