சிறந்தது எது? அவசரமும் ஆகாது, இழுத்தடிப்பும் ஆகாது

ஒரு தொழிற்சாலைக்கு நான்கு கம்பெனிகளின் டிரில் பிட்டுகள் வருகின்றன. அதிக நாள் உழைப்பது எது? ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்வது சூதாட்டம். ஒவ்வொன்றிலும் நூறு நூறாகத் தேய்த்துப் பார்ப்பது வீண் செலவு. நடுவழி ஒன்று உண்டு. சுற்றுச் சுற்றாகச் சோதித்து, ஒவ்வொரு சுற்றிலும் கணக்குப் பார்த்து, மிகவும் பின்தங்கியதைக் கழித்துவிட்டு, மற்றவற்றைத் தொடர வேண்டும். கடைசியில் நிற்பதே தேர்வு.

இது வெறும் கைப்பழக்கம் அல்ல. கணித ஆதாரம் உள்ள முறை. படிப்படியாகச் சோதித்து முடிவெடுக்கும் கணிதத்துக்கு 1943-ல் அமெரிக்காவில் அடிகோலியவர் ஆபிரகாம் வால்ட். பல சமயங்களில் ஏறக்குறையப் பாதிச் சோதனையிலேயே முடிவு கிடைத்துவிடும் என்று அவர் காட்டினார். வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பை அறியப் பேராசிரியர் மகலனோபிஸ் கட்டம் கட்டமாக நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பைத் தம் முறைக்கு முன்னோடி என்று வால்டே மதித்தார். இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்த அவர், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியுடன் மாண்டது பெரும் சோகம். பலவற்றுள் பின்தங்கியதை ஒவ்வொன்றாகக் கழிக்கும் முறை ஒன்றை 1964-ல் எட்வர்ட் பால்சன் வகுத்தார்.

டிரில் பிட்டில் தவறினால் பணம் போகும். மருந்தில் தவறினால் உயிர் போகும். 2020-ல் கொரோனாவுக்காகப் பிரிட்டன் நடத்திய 'ரெகவரி' ஆய்வில் பல மருந்துகள் ஒரே சமயத்தில் சோதிக்கப்பட்டன. தனிக் குழு ஒன்று இடையிடையே கணக்கைப் பார்த்து வந்தது. பயன் தராத ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஜூன் மாதமே விலக்கப்பட்டது. அதே மாதத்தில், டெக்சாமெதசோன் வென்டிலேட்டரில் இருந்தோரின் சாவை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்ற நல்ல செய்தியும் வந்தது. விலை மலிவான பழைய மருந்து அது!

ஆனால் இடையில் பார்ப்பது என்றால் இஷ்டப்படி நிறுத்துவது என்று பொருளல்ல. வேண்டியவர் சரக்கு முந்தும் நேரம் பார்த்துச் சோதனையை முடிப்பது மோசடியே. எவ்வளவு பின்தங்கினால் கழிப்பது, எவ்வளவு தவறுக்கு இடம் தரலாம் என்பவற்றை முன்னதாகவே எழுதி வைக்க வேண்டும்.

பொதுப் பணத்தில் சரக்கு வாங்குவோர் டெண்டர் விலையை மட்டும் பார்த்தால் போதாது. விதியை முதலில் அறிவித்து, பிறகு சோதித்து, கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். மட்டமான பிட் உடைந்தால் பழி விழுவது தொழிலாளி தலையில். ரிஜிஸ்டரில் பதில் எழுதுவது குமாஸ்தா. அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?