தையல் மிஷின் என்ன கேரம்போர்டா?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டிருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன், திட்டறவங்க திட்டிக்கலாம் :-)

க்வில்ட் தைக்கறவங்ககிட்ட "துணி நகர மாட்டேங்குது, பிடிச்சு இழுக்குது"ன்னு சொல்லிப் பாருங்க. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். மிஷின் தட்டுல சிலிகான் ஸ்ப்ரே அடிங்கறார் ஒருத்தர். மெழுகுவர்த்தி தேய்ங்கறார் இன்னொருத்தர். முகத்துக்குப் போடற பவுடரைத் தூவச் சொல்ற புண்ணியவதிகளும் உண்டு. கேரம்போர்டுக்குப் போடற போரிக் பவுடரைப் போட்டா காயின் மாதிரி பறக்கும்னு ஒரு அண்ணாச்சி சொன்னார் பாருங்க, அப்பத்தான் சுர்ர்ருனு ஏறிச்சு எனக்கு.

ஏன் இவ்வளவு கோவம்? பட்ட அனுபவம். அம்மா கட்டின பழைய சேலைகளை ஒட்டுப்போட்டு, நடுவுல பஞ்சு வெச்சு, தங்கச்சி குழந்தைக்கு ஒரு போர்வை தைச்சேன். வளைச்சு வளைச்சுப் பூ போடணும்னா, துணியைத் தள்ளற பல்லை இறக்கிட்டு நாமதான் கையால நகர்த்தணும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தோள்பட்டை விட்டுப் போச்சு. ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஸ்ப்ரேயை அடிச்சேன். வழுக்குச்சு, இல்லைங்கலை. விடிஞ்சு பார்த்தா, அடிப்பக்கம் போட்டிருந்த சந்தனக் கலர் சேலை பூரா திட்டுத் திட்டா கறை. மூணு தடவை துவைச்சும் போகலை. அந்தச் சேலையை இனிமே எந்தக் கடையில போய் வாங்கறது?

பவுடர் இன்னும் மோசம். பல்லு சந்து வழியா பாபின்கிட்ட இறங்கி, எண்ணெயோடயும் நூல் தூசியோடயும் சேர்ந்து களி கிண்டிடும். அப்புறம் மெக்கானிக்குக்குத் தெண்டம் அழணும்.

அப்போ வழுக்கவே வேணாமா? வேணும்யா! டெஃப்லான் ஷீட் போடுங்க. 1938ல ராய் பிளங்கெட் ஃபிரிட்ஜுக்கான வாயுவை ஆராயப் போய்த் தற்செயலா கண்டுபிடிச்ச சரக்கு. துணியில எதையும் பூசாது. கேக் சுடறப்போ தட்டுல விரிப்பாங்களே, அந்த ஷீட்டே போதும். ஊசி இறங்க ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் டேப், அவ்வளவுதான். டேப் விட்டுப்போனா ஷீட்டையும் சேர்த்துத் தைச்சுடுவீங்க (தைச்சிருக்கேன், ஹி ஹி).

ஆனா ஷீட் வாங்க ஓடறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. போர்வையில பாதி மேஜைக்குக் கீழ தொங்குதா? வில்லன் அந்தப் பாரம்தான். தட்டைக் கண்ணாடி மாதிரி வழுக்க வெச்சா, தொங்கறது இன்னும் வேகமாத்தான் துணியை இழுத்துக்கிட்டுப் போகும். கையில பிடிமானம், கீழ வழுக்கல், பாரத்துக்கு ஒரு தாங்கல். இதுல தாங்கலை மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்லை. அதை பாட்டில்ல அடைச்சு விக்க முடியாதே!

இன்னொரு கூத்து. நம்ம வீட்டுக் கால் மிஷின்ல தலைப்பாகம் பலகைக்குள்ள பதிஞ்சு, தட்டும் பலகையும் ஒரே மட்டமா இருக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, மேஜை மேல மேடு மாதிரி நிக்கற குட்டி மிஷினை வாங்கி, அப்புறம் அதை மட்டமாக்கத் தனியா ஒரு பலகைக்குக் காசு குடுக்கறோம்!

அடுத்த போர்வைக்கு சாப்பாட்டு மேஜையை மிஷினுக்கு இடது பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டேன். சொட்டு ஸ்ப்ரே இல்லை. ரெண்டு வாரம் வீட்டுல எல்லாருக்கும் தரையிலதான் பந்தி.