ஆபரேஷன் முடிந்தது, முகம் வளர்கிறது

என் சித்தி பையன் பிளஸ் டூ படிக்கிறான். போன வாரம் காலேஜ் அப்ளிகேஷனுக்குப் போட்டோ எடுக்க, பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். போட்டோவைக் கையில் வாங்கியவன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, சின்ன வயசுல எனக்குப் பண்ண ஆபரேஷன் ஃபெயிலியரா?"

பிறக்கும்போதே அவனுக்கு உதட்டிலும் மேலண்ணத்திலும் பிளவு. ஒன்றரை வயதுக்குள் இரண்டையும் தைத்துவிட்டார்கள். தழும்பு லேசாகத்தான் தெரியும். ஆனால் மீசை முளைக்கும் வயதில் மூக்குக்குக் கீழே முகம் உள்வாங்கி, கீழ்ப்பல் வரிசை முன்னால் வந்துவிட்டது. 'டாக்டர் சரியாகச் செய்யவில்லை' என்பது சித்தப்பா கட்சி. 'கிரகணத்தன்று இவள் வெளியே வந்ததுதான்' என்பது பாட்டி கட்சி. நடுவில் சித்தி, பதினேழு வருடமாகக் குற்றவாளிக் கூண்டில்.

நான் படிப்பது பி.காம்தான். இருந்தாலும் தேடிப் படித்தேன்.

பாட்டி கட்சி முதல் பந்திலேயே அவுட். கருவில் உதடு சேர்வது 4 முதல் 7 வாரத்துக்குள், அண்ணம் சேர்வது அதையடுத்த சில வாரங்களில். அந்தச் சமயத்தில் இரண்டு பக்கமும் ஒட்டாமல் போவதுதான் பிளவு. மரபு, புகை, சில வலிப்பு மருந்துகள் என்று காரணங்கள் உண்டு. சந்திரன் அந்தப் பட்டியலில் இல்லை.

சித்தப்பா கட்சிக்குப் பதில் இலங்கையில் இருந்தது. 1980களில் லண்டனைச் சேர்ந்த பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ், அங்கே ஆபரேஷனே செய்யாமல் வளர்ந்த பெரியவர்கள் பலரைப் பார்த்தார். ஹூஸ்டன் என்பவரோடு சேர்ந்து 1990-ல் எழுதிய ஆய்வில் சொன்னது இதுதான்: அண்ணம் தைக்கப்படாதவர்களின் மேல்தாடை கிட்டத்தட்ட இயல்பாகவே வளர்ந்திருந்தது. உள்வாங்கிய முகம், குழந்தையிலேயே அண்ணம் தைக்கப்பட்டவர்களிடம்தான் அதிகம். தழும்பு சுருங்கி இழுத்துப் பிடிக்கிறது. மேல்தாடை தயங்க, கீழ்த்தாடை தன் பாட்டுக்கு வளர்கிறது.

அப்படியானால் ஆபரேஷனே வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். தைக்காதவர்களுக்குத் தாடை நன்றாக இருந்தது, பேச்சு புரியவில்லை. வளர்ந்தபின் தைத்தவர்களில் பலருக்கும் பேச்சு தேறவில்லை. குழந்தை பேசப் பழகும் முன் அண்ணத்தை மூடுவது அதனால்தான். பேச்சு கிடைக்கிறது, சிலருக்கு அதன் விலையை முகம் கொடுக்கிறது.

எங்கள் அக்கவுண்டன்ஸி பாஷையில், இது வரும் என்று தெரிந்த செலவு. முன்கூட்டியே ஒதுக்கீடு வைக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி, 8-11 வயதில் ஈறுப் பிளவில் எலும்பு வைப்பது, பல்லுக்குக் கம்பி, வளர்ச்சி நின்றபின் தேவைப்பட்டால் மேல்தாடையை முன்னால் நகர்த்தும் ஆபரேஷன். இதையெல்லாம் சித்தி வீட்டில் யாருமே கேள்விப்பட்டதில்லை. தையல் பிரித்ததோடு கணக்கை முடித்துவிட்டார்கள்.

என் கருத்து இதுதான். இலவச முகாம்கள் நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் 'இத்தனை ஆபரேஷன் செய்தோம்' என்று பேனர் கட்டுவதோடு, 'அவர்களில் இத்தனை பேரை 18 வயது வரை பார்த்தோம்' என்பதையும் சொல்ல வேண்டும். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டமே 18 வயது வரை, பிளவையும் சேர்த்துத்தான் பேசுகிறது. முதல் நாளே அம்மா கையில் அந்தப் பதினெட்டு வருட அட்டவணையைக் கொடுத்தால் என்ன?

தம்பியிடம் சொன்னேன்: "ஃபெயிலியர் இல்லடா, பாதிதான் முடிஞ்சிருக்கு."

அடுத்த வாரம் தாடை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு போகிறேன்.