குதிரைத்திறன் மட்டும் போதுமா?

வைகாசிப் பெருவிழாவில் வரதராசப் பெருமாள் தேர் நிலையினின்று பெயரும் தருணத்தை நம் அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் எத்துணைப் பேராயினும், சக்கரத்தின் பின்னே நெம்புமரமிட்டு உந்துவோர் இல்லையேல் தேர் எளிதில் அசையாது. உருளத் தொடங்கிய பின்னரோ, இழுப்போரைத் தானே துரத்துவது போல வருகிறது. நின்ற பாரத்தைப் பெயர்க்கும் விசை வேறு. பெயர்ந்ததை விரைந்து செலுத்தும் வல்லமை வேறு. தேரடியில் எல்லோருக்கும் தெரிந்த இவ்வுண்மையை, எஞ்சின் வாங்கப் புறப்படுங்கால் நாம் மறந்துவிடுகிறோம்.

நான் தணிக்கை செய்யும் சங்கமொன்றில் ஓர் அங்கத்தினர் கடன் பெற்றுச் சிறிய உழுகருவியொன்று வாங்கினார். 7 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின், விலையும் மலிவு. காய்கறிப் பாத்தியில் நன்றாகவே ஓடிற்று. ஏரிப் பாசனக் களிமண் வயலில் இறங்கியதும் இரண்டு சால் போகுமுன் திணறி நின்றது. இப்போது கருவி கொட்டகையில் இருக்கிறது. கடன் தவணை கடந்த பாக்கியில் இருக்கிறது. விலைப்பட்டியும், குதிரைத்திறனும், ஜாமீன் பத்திரமும் சரியாக இருந்தமையால் அந்தக் கோப்பில் நானும் குறை காணவில்லை. அந்த 7 குதிரைத்திறன் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை. இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணம் அதுவே.

சாயச்சாலையில் நனைந்த பட்டுக் கற்றையைக் கழியிட்டு முறுக்கிப் பிழிவதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கழி நீளமானால் கைக்கு எளிது. குட்டையானால் தோள் நோகும். அவ்வாறு திருப்பும் விசைக்கே முறுக்கு விசை என்று பெயர். அதனைச் சுழற்சி வேகத்தால் பெருக்கக் கிடைப்பதே குதிரைத்திறன். ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: குதிரைத்திறனை 7,100 ஆல் பெருக்கி, நிமிஷத்திற்கான சுற்றுகளால் வகுத்தால், முறுக்கு விசை நியூட்டன் மீட்டர் அளவில் வரும். மேற்சொன்ன கருவி 3,600 சுற்றில் 7 குதிரைத்திறன் தருவது. அதன் முறுக்கு விசை ஏறத்தாழ 14. முன்னாளில் கிணற்றடியில் டுபுடுபுவென்று ஓடிய லிஸ்டர் வகை டீசல் எஞ்சினோ 650 சுற்றில் 6 குதிரைத்திறனே தந்தது. அதன் முறுக்கு விசை ஏறத்தாழ 65. குதிரைத்திறனில் ஒன்று குறைவு, முறுக்கில் நான்கு மடங்குக்கு மேல்!

பல்சக்கரங்களைக் கொண்டு வேகத்தைக் குறைத்து முறுக்கைப் பெருக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. முழு வேகத்தில் ஓடும்வரை அது செல்லும். கட்டி மண்ணிலே கலப்பை சிக்கி, எஞ்சினின் வேகம் தாழும்போது என்ன ஆகிறது என்பதே சோதனை. வேகம் தாழத் தாழ முறுக்கு விசை ஏறுமாயின் எஞ்சின் சமாளித்துக்கொள்ளும். அதுவும் கூடவே தாழுமாயின் நின்றுவிடும். பல்சக்கரம் இதற்கு மருந்தாகாது.

இத்தகைய எஞ்சினை எவ்வாறு அமைக்கிறார்கள்? பிஸ்டன் நெடுந்தூரம் சென்று மீண்டால் முறுக்கு தானே மிகும் என்று பட்டறைகளில் சொல்வது பாதி உண்மைதான். கொள்ளளவு ஒன்றேயாயின், கிராங்கின் கை நீளும் அளவுக்குப் பிஸ்டனின் பரப்புச் சுருங்கிவிடுகிறது, கணக்கு நேராகிவிடும். உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. காற்று புகும் வழி அளவோடு குறுகியிருப்பதால் மெல்லச் சுழலும்போதும் காற்று வேகமாகப் பாய்ந்து சிலிண்டரை நிரப்புகிறது. உள்வால்வு காலந்தாழ்த்தாது மூடுவதால் புகுந்த காற்று திரும்பி வெளியேறுவதில்லை. இவற்றோடு தக்க அழுத்த விகிதம் வேண்டும். கனத்த ஃப்ளைவீல் முறுக்கை உண்டாக்குவதில்லை. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே சேமித்துக் கொடுக்கிறது. இவ்வளவும் செய்தபின் அதே எஞ்சின் உயர்ந்த வேகத்தில் பறக்க வேண்டுமென்று எதிர்பார்த்தல் தகாது. அங்கே மூச்சு முட்டும்.

இதற்கு அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டுவதில்லை. 1955 இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த 350 புல்லட் வண்டியின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் வீச்சு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். 2020 இல் வந்த புதிய எஞ்சினில் விட்டம் 72 ஆகவும் வீச்சு 85.8 ஆகவும் மாறின. இன்னும் வீச்சே பெரிது. அதன் உச்ச முறுக்கு விசையாகிய 27 நியூட்டன் மீட்டர் 4,000 சுற்றிலும், உச்சத் திறன் 6,100 சுற்றிலும் கிடைக்கின்றன. நம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அந்நிறுவனத்துத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. பாவும் ஊடும் மூட்டையாகப் பின்னே ஏற்றிக்கொண்டு, சந்நிதித் தெரு நெரிசலில் கியர் மாற்றாமலே ஊர்ந்து செல்பவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆயினும் ஒன்று சொல்வேன். விற்பனையாளர்கள் இதனை விரும்பமாட்டார்கள். எல்லா வேலைக்கும் இத்தகைய எஞ்சின் வேண்டுவதில்லை. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் சுழல் பம்பின் சுமை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவது. பாதி வேகத்தில் கால்பங்கு முறுக்கே கேட்கும். மெல்லத் தொடங்கி விரைந்து ஓடும் எளிய எஞ்சினே அதற்குப் போதுமானது. கனத்த எஞ்சினுக்கு அதிக விலை கொடுத்து அங்கே நிறுத்துவது பணவிரயம். சேற்று உழவு, கரும்பு ஆலை, செக்கு, ஏற்றமான வழியில் சுமைவண்டி ஆகியவற்றிற்கே தாழ்வேக முறுக்கு இன்றியமையாதது. கருவி எதற்கு என்பது முதலில். எத்தனை குதிரை என்பது பிறகு.

டிராக்டர் வாங்குவோர் மற்றொன்றையும் கேட்க வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் தான் சோதித்த டிராக்டர்களுக்கு அறிக்கை வெளியிடுகிறது. வேகம் தாழும்போது முறுக்கு விசை எத்தனை சதவீதம் ஏறுகிறது என்பது அதில் தனியே குறிக்கப்படுகிறது. வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரத் தாளைவிட அந்த ஒரு வரி பயனுடையது.

ஆதலின் நிர்வாகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது: இயந்திரக் கடன் மனுப் படிவத்தில் குதிரைத்திறனுக்கு அருகே மூன்று கட்டங்கள் சேருங்கள்: உச்ச முறுக்கு விசை எவ்வளவு, அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது, கருவி எந்த மண்ணில் என்ன வேலைக்கு. விற்பவர் இம்மூன்றையும் எழுத்தில் தராவிடில் கடனை நிறுத்தி வையுங்கள். தணிக்கையில் அக்கட்டங்கள் வெறுமையாக இருக்கக் கண்டால் நான் குறிப்பெழுதுவேன்.

களிமண் வயலில் நின்றுபோன அந்தக் கருவிக்குரிய அங்கத்தினர் தவணையை மாற்றித் தருமாறு மனுச் செய்துள்ளார். காய்கறி பயிரிடும் மற்றோர் அங்கத்தினர் அதனை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். விலைதான் இன்னும் படியவில்லை. இரு மனுக்களையும் குழு ஒரே கூட்டத்தில் சேர்த்து எடுத்துக்கொள்ளுமாறு எழுதியிருக்கிறேன்.