பழைய கணிப்பொறியும் அவசரத் தீர்ப்பும்

மத்திய சர்க்கார் 1984-ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்க்குக் கணிப்பொறியை அறிமுகம் செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்த இயந்திரம் பி.பி.சி. மைக்ரோ என்பதாகும். இங்கிலாந்தில் ஏக்கார்ன் கம்பெனியார் 1981-ல் வெளியிட்ட வீட்டுக் கணிப்பொறி அது. அதன் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. அதன் இயக்க முறைமை அழியாத நினைவுச் சில்லு ஒன்றில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. விசையைப் போட்ட மறுகணமே இயந்திரம் வேலைக்கு ஆயத்தமாகிவிடும். அதில் பழுது என்று ஒன்று தோன்றினால், அது ஏறக்குறைய எப்போதும் பொருளின் பழுதாகவே இருக்கும். சேகரிப்பாளர் சிலரிடம் அவ்வியந்திரங்கள் இன்றும் இயங்குகின்றன. ஆண்டுகள் பல கடந்தபின் அவற்றை இயக்க விரும்புவோர், மின்வழங்கியிலுள்ள பழைய காகித மின்தேக்கிகளை முதலில் மாற்றிவிடுவது வழக்கம். மாற்றாவிடில் அவை வெடித்துப் புகை கக்கும். 40 ஆண்டு கழிந்த பின்னரும் இத்தகைய சிற்றுறுப்பு இரண்டொன்றை மாற்றுவதால் ஒரு கணிப்பொறி பிழைத்தெழக்கூடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று பள்ளிகளிலும், களப்பணி அலுவலகங்களிலும், ஆசிரியர் பலருடைய வீடுகளிலும் இருக்கும் கணிப்பொறிகள் அவ்வாறானவை அல்ல. அவற்றில் இயந்திரம் ஒன்று, அதன்மேல் ஏற்றப்பட்ட இயக்க முறைமை மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனி வயது உண்டு. இரண்டும் வெவ்வேறு காரணங்களால் முதுமை எய்துகின்றன. இவ்வேறுபாட்டை உணராமல், ‘பழையதாகிவிட்டது’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பளித்துவிடும் வழக்கமே நாட்டில் பெருகியிருக்கிறது. அத்தீர்ப்பு பெரும்பாலும் சோதனை எதுவுமின்றி வழங்கப்படுகிறது. இதன் விளைவாக, ஒரு மின்கலத்தின் விலையில் சீராகக்கூடிய இயந்திரம் அறையின் மூலைக்குச் செல்கிறது. இதற்கு நேர்மாறாக, இணையத்தில் இணைக்கவே கூடாத இயக்க முறைமை, ‘ஓடிக்கொண்டுதானே இருக்கிறது’ என்ற சமாதானத்துடன் அலுவலகத்தில் நீடிக்கிறது. இவ்விரண்டில் பின்னது அதிக அபாயமுடையது.

முதலில் இயக்க முறைமையின் முதுமையை நோக்கலாம். விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-ல் வெளிவந்தது, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியுடன் நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் பொதுவான ஆதரவு முடிவுற்ற நாள்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11, இன்டெல் வகைச் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. ஆகவே, 2016-ல் வாங்கி, நாளதுவரை ஒரு திருகாணியும் கழலாத கணிப்பொறியும் ‘பழையது’ என்னும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன் உறுப்புகள் எவையும் தேயவில்லை. அதற்குத் திருத்தங்கள் அனுப்புவோர் நிறுத்திக்கொண்டனர், அவ்வளவே.

திருத்தம் பெறாத இயக்க முறைமையால் விளையும் தீங்கு கற்பனையன்று. 2017 மே 12-ஆம் தேதி தொடங்கி, வான்னாகிரை என்னும் கோப்புப் பூட்டு நிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14-லேயே வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 இயங்கிய கணிப்பொறிகள். அப்போது விண்டோஸ் 7 ஆதரவு இழந்ததன்று. திருத்தம் கையில் கிடைத்தும் இரண்டு மாதகாலம் ஏற்றாமல் இருந்தமையே கேட்டுக்குக் காரணம். இயந்திரத்தின் வயதுக்கும் அதன் பாதுகாப்புக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிற்க, இயந்திரத்தின் முதுமைக்கு வருவோம். தாய்ப்பலகையில் பழைய ஓரணா நாணயத்தின் அளவில் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் மின்கலம் ஒன்று பதிந்திருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் தொடக்க அமைப்புகளையும் காத்துவருவது அது. சுவரில் விசை போடப்பட்டிருக்கும்போது மின்வழங்கியே அப்பணியை ஏற்றுக்கொள்வதால் மின்கலம் தேய்வது குறைவு. பள்ளிகளிலோ மாலையில் பிரதான விசையை அணைத்துவிடுவர். கோடை விடுமுறையில் மாதக்கணக்கில் அணைந்திருக்கும். இது நல்ல வழக்கமே. ஆயினும் அவ்வழக்கம் உள்ள இடத்தில் மின்கலம் விரைவில் தீரும். தீர்ந்தால் நிகழ்வது விந்தையானது. கணிப்பொறியின் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடுகிறது. இணையதளங்கள் தங்கள் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறி தன் பொய்த் தேதியுடன் அவற்றை ஒப்பிட்டு, ‘இத்தளம் நம்பத்தக்கதன்று’ என மறுத்துவிடுகிறது. பயனாளர் இணையத்தைக் குறை கூறுவர். இணையம் வழங்குவோர் கணிப்பொறியைக் குறை கூறுவர். முடிவில் இயந்திரம் கழிக்கப்படும். திரையின் வலது மூலையிலுள்ள தேதியை எவரேனும் ஒருவர் படித்திருந்தால் போதும்.

இம்மின்கலத்தைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். அது தீரும்போது தொடக்க அமைப்புகள் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடுவதால், வன்தட்டு அணுகப்படும் முறையும் மாறிவிடக்கூடும். அப்போது விண்டோஸ் எழாமல் நீலத்திரை காட்டி நின்றுவிடும். உடனே இயக்க முறைமை கெட்டது என்று அதை முழுவதும் அழித்து ஏற்றுவோர் உளர். மாணவர் பதிவேடுகளும் அத்துடன் அழியும். அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் போதுமானதாக இருந்திருக்கும். ஆதலின் கணிப்பொறி நலமாயிருக்கும் நாளிலேயே அப்பக்கங்களைக் கைப்பேசியால் படம் எடுத்து வைத்தல் நலம்.

அடுத்தது வெப்பம். சுண்ணக்கட்டித் தூளும் தெருப்புழுதியும் விசிறியிலும் வெப்பம் பரப்பும் தகட்டின் இடுக்குகளிலும் கம்பளிபோல் படிகின்றன. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய களிம்பு ஆண்டுகள் செல்ல உலர்ந்து வெடிக்கிறது. வெப்பம் ஏறியதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் இயந்திரம் தன்னை அணைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிப் பிற்பகலில் அணையும் கணிப்பொறியை இவ்வகையினதாக முதலில் ஐயுறலாம். புழுதி படாதிருக்கத் துணியுறை போடும் நம் வழக்கம் போற்றத்தக்கதே. ஆனால் ஓடும்போதும் உறையைக் கழற்றாமல் வைப்பதைப் பல இடங்களில் காணலாம். பல்லியும் எறும்பும் கதகதப்பை நாடி உள்ளே குடிபுகுவதும் நாடறிந்த செய்தி.

‘வேகம் போய்விட்டது’ என்னும் புகாரே மற்றெல்லாவற்றினும் மிகுதி. இதை ஆசிரியர்கள் கணக்காகவே மாணவர்க்குக் காட்டலாம். ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு நிமிஷத்திற்கு 7200 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகும். வேண்டிய செய்தி தலைக்கு நேரே வரச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும். தலை அவ்விடம் நகர்வதற்கும் அதைவிடச் சற்று மிகுதியான நேரம் தேவை. ஆக, சிதறிக் கிடக்கும் செய்திகளை விநாடிக்குச் சுமார் நூறு முறைக்கு மேல் அதனால் எடுத்துத்தர இயலாது. அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. அதே காலத்தில் பல்லாயிரம் முறை எடுத்துத் தருகிறது. இக்கால இயக்க முறைமைகள் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுவன. ஆகவே செயலி பழையதாயினும், வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தை 2 ஜிகாபைட்டிலிருந்து 4 அல்லது 8 ஆக உயர்த்திவிட்டால், பெரும்பாலான வகுப்பறைப் பணிக்கு அது போதும். பழைய கணிப்பொறிக்குச் செய்யும் செலவுகளுள் இதற்கு இணையாகப் பயன் தருவது வேறில்லை. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 ஆகிய நினைவகப் பலகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. வெட்டிடத்தைப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

வன்தட்டு ‘கிளிக்’ என்று சீராக ஒலித்தால் அங்கே பரிசோதனைக்கு இடமில்லை. உடனே நிறுத்தி, செய்திகளை வேறிடத்தில் நகலெடுப்பதே முதற்கடமை. நகல் கிடைத்த பின்னரே மற்றவை.

மின்வழங்கியைப் பொறுத்தவரை எச்சரிக்கை அவசியம். மல்டிமீட்டரால் வெளி இணைப்பிகளை அளக்கலாம். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையிலும் இருத்தல் வேண்டும். அதன் பெட்டியைத் திறத்தல் மட்டும் கூடாது. உள்ளே உள்ள மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை இணைப்பைப் பிடுங்கிய பின்பும் சிறிது நேரம் தாங்கியிருக்கக்கூடும். இப்பகுதியை மாற்றுவதே முறை. பழுதுபார்த்தல் அத்துறையில் தேர்ந்தவர்க்கு உரியது.

இவ்வளவையும் அறிந்தவர் நாட்டில் ஏராளம். குறையாக இருப்பது அறிவன்று, ஒழுங்கு. பழுது நேர்ந்தவுடன் நினைவகத்தைக் கழற்றி, கம்பியை மாற்றி, இயக்க முறைமையையும் புதிதாக ஏற்றிவிடுவோர், இயந்திரம் ஓடத் தொடங்கினாலும் எதனால் ஓடியது என்று சொல்ல இயலாதவராகின்றனர். அடுத்த மாதம் அதே பழுது வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதையும் கண்டதையும் குறித்தல் என்பவை ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்கு நாள்தோறும் போதிக்கப்படுபவை. அதே ஆசிரியரின் கணிப்பொறி அறையில் அவை காணப்படாதது வியப்பே. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்: வாங்கிய ஆண்டு, செயலி, நினைவகம், மின்கலம் மாற்றிய நாள், இயக்க முறைமையின் ஆதரவு முடியும் நாள், நேர்ந்த பழுதுகள். கழித்தல் உத்தரவில் கையெழுத்திடுமுன் அப்புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் மேலதிகாரி ஒருவர் இருந்தால், கழிக்கப்படும் இயந்திரங்கள் கணிசமாகக் குறையும்.

பழையவற்றைக் காப்பதில் வரம்பும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2000-ல் வந்த பெண்டியம் 4 வகையில், பிந்திய மாதிரிகளின் செயலி மட்டுமே 80 வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழும். குழாய்த்திரையும் சேர்ந்த அவ்வகை இயந்திரத்தைச் செலவு செய்து காப்பது வீண். தாய்ப்பலகையில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலும், மாற்றிப் பற்றவைக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாவிடின் விட்டுவிடுதலே அறிவுடைமை. செயலி 32 பிட்டா 64 பிட்டா என்பதும் இன்று முக்கியமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் நிறுவப்படுவதைக் கைவிட்டது. 2006-ல் தொடங்கிய கோர் 2 வரிசையும் அதன் பின்வந்த பெரும்பாலானவையும் 64 பிட் ஆதலின், அவற்றுக்கு வழி திறந்தே இருக்கிறது.

அவ்வழி கட்டற்ற இயக்க முறைமையே. திருட்டுப் பிரதியை உடைத்து ஏற்றும் கடைவீதி வழி அன்று. உடைக்கும் நிரலோடு வேண்டாத விருந்தினரும் உள்ளே வருவர். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்பதை உருவாக்கியிருக்கிறது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அதில் இடம் உண்டு. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பாடம் நடத்தி வருகின்றன. ‘ஆசிரியர்க்குப் பழக்கமில்லை’ என்ற ஆட்சேபம் அங்கே ஆசிரியப் பயிற்சியால் எதிர்கொள்ளப்பட்டது. இவ்வாட்சேபம் அற்பமானதன்று, பயிற்சி தராமல் முறைமையை மட்டும் மாற்றினால், ஓடும் கணிப்பொறியும் ஓடாததைப் போலவே பூட்டிய அறையில் கிடக்கும். குறிப்பிட்ட அரசுப் படிவமோ, அச்சுப்பொறியோ, சோதனைக்கருவியோ விண்டோஸில் மட்டுமே இயங்குமாயின், அந்த ஓர் இயந்திரத்தை மட்டும் இணைய இணைப்பின்றித் தனியே வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவ் வழியாகவும் தீங்கு நுழையும் என்பதை அங்கே மறவாதிருத்தல் வேண்டும்.

சோதித்த பின்னரும் கழிக்கவே வேண்டியவற்றை எடைக்குப் போடுதல் சட்டப்படி சரியன்று. 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்போர் அல்லது மறுசுழற்சியாளரிடமே அவற்றை ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. அதற்குமுன் வன்தட்டின் செய்திகளை முழுவதும் மேலெழுதி அழித்தல் அவசியம். எஸ்.எஸ்.டி.யில் மேலெழுதுதல் முழுப்பயன் தராது. அதற்கென அமைந்த அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். நல்ல நிலையிலுள்ள நினைவகப் பலகை, விசிறி, மின்வழங்கி ஆகியவற்றைக் கழற்றி, எந்த இயந்திரத்திலிருந்து என்று எடுக்கப்பட்டது எனச் சீட்டெழுதி ஒட்டி, கணிப்பொறி அறையிலேயே ஒரு பெட்டியில் வைத்தல் வேண்டும்.